நாயகன் துறந்ததும் வினைமுற்று காட்டுவதும்: 'மார்த்தாண்டவர்மா' புதினத்தை முன்வைத்து

1. முன்னுரை

கதைத் தலைவன் ஒருவனின் உள்ளத்தில் எவ்விழுமியம் உயர்ந்தது என்பதை அவன் பேசும் அறவுரைகளைவிட அவன் விட்டுக்கொடுத்த பொருள்களே தெளிவாகக் காட்டுகின்றன. இது திறனாய்வாளர் பலரும் ஒப்புக்கொண்ட கருத்தாகும். ஆயினும் 'விட்டுக்கொடுத்தான்' என்று சொல்வதோடு ஆய்வு முடிந்துவிடுவதில்லை. எதை விட்டான், யார் அறிய விட்டான், விட்டது அவனிடம் திரும்பி வந்ததா என்னும் மூன்று வினாக்களையும் எழுப்பிய பின்னரே தியாகத்தின் மதிப்பு புலப்படும். இம்மூன்றனோடு, அந்நிலையிலும் அவன் விடாமல் பற்றிக்கொண்டது எது என்பதும் கேட்கத்தக்கது.

தமிழ் வாசகருக்கு நன்கு பழகிய தியாகம் அவையறிந்த தியாகமாகும். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' (1950–1954) புதினத்தின் ஐந்தாம் பாகம் 'தியாகச் சிகரம்' என்றே பெயர் பெற்றது. அங்கு அருள்மொழிவர்மன் முடிசூட்டு விழாவில் பலர் காண மணிமுடியைச் சிற்றப்பன் முறையினரான உத்தமசோழருக்குச் சூட்டுகிறான். கொடுத்ததும் கொடுத்தவரும் பெற்றவரும் எல்லாருக்கும் தெரிகின்றனர். இதற்கு மாறாக, எவரும் அறியாதவாறு தன் பெயரையே துறந்து திரியும் தலைவன் ஒருவனைத் திருவனந்தபுரத்தைச் சேர்ந்த சி. வி. இராமன் பிள்ளை (1858–1922) 1891-இல் படைத்தார். மலையாளத்தின் முதல் வரலாற்றுப் புதினமாகக் கொள்ளப்படும் 'மார்த்தாண்டவர்மா'வின் அனந்தபத்மநாபனே அத்தலைவன்.

மறைவாகச் செய்யப்படும் இத்தியாகம் மலையாளத்திலிருந்து தமிழுக்கு வரும்போது, ஈரிலக்கணங்களுக்கும் இடையிலுள்ள ஒரு வேறுபாட்டால் பெருஞ்சிக்கலுக்கு உள்ளாகிறது. அச்சிக்கலை ஆராய்வதும், அதன்வழிப் புதினத்தின் விழுமியங்களை மதிப்பிடுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும். வெளிவந்துள்ள தமிழாக்கங்களின் நிறைகுறைகளை எடைபோடுவது இங்கு நோக்கமன்று.

2. சொல்லும் பொருளும்

முதலில் 'தியாகம்' என்னும் சொல்லையே நோக்குதல் வேண்டும். விடுதல் என்னும் பொருளுடைய வடமொழி வேரிலிருந்து பிறந்த இச்சொல், தமிழ்நாட்டில் நெடுங்காலம் கொடை என்னும் பொருளில் வழங்கியது. விக்கிரம சோழன் கொண்டிருந்த 'தியாகசமுத்திரம்' என்னும் விருதுப்பெயர் கொடைக்கடல் என்னும் பொருளதே. இருபதாம் நூற்றாண்டின் விடுதலைப் போராட்டம் இச்சொல்லுக்குச் சிறை, துன்பம், உயிரிழப்பு ஆகியவற்றைப் பொருளாக்கியது. 'தியாகி' என்பவர் அரசின் மதிப்புக்கும் ஓய்வூதியத்திற்கும் உரியவரானார். ஆகவே இன்றைய தமிழில் தியாகம் என்று எழுதிய அளவிலேயே பாராட்டும் உடன் எழுதப்பட்டுவிடுகிறது.

தமிழில் இப்பொருட்களம் மிக நுட்பமாகப் பகுக்கப்பட்டுள்ளது. திருக்குறள் ஒப்புரவறிதலையும் ஈகையையும் துறவையும் மானத்தையும் தனித்தனி அதிகாரங்களாக்கியது. கொடுத்தலில் பெறுபவர் உண்டு. துறத்தலில் பெறுபவர் வேண்டுவதில்லை. இழத்தலில் விருப்பம் இல்லை. விட்டுக்கொடுத்தலில் உரிமை முன்னிற்கிறது. மறைத்தல், ஒளித்தல் என்பன இவற்றுள் எதுவும் அல்ல; ஆயினும் அனந்தபத்மநாபன் செய்வது பெரும்பாலும் இவையே. 'துறந்தான்' என்று எழுதுவதா, 'மறைத்தான்' என்று எழுதுவதா என்னும் தேர்விலேயே மொழிபெயர்ப்பாளரின் தீர்ப்பு தொடங்கிவிடுகிறது.

3. கதைப் பின்னணி: மருமகன் உரிமை

கதை மார்த்தாண்டவர்மர் 1729-இல் அரசெய்தியதை ஒட்டிய ஆண்டுகளில் நிகழ்வது. அரசர் இராமவர்மர் நோயுற்றிருக்க, அவர் மகன் பத்மநாபன் தம்பி எட்டுவீட்டுப் பிள்ளைமாரின் துணையோடு அரியணையை நாடுகிறான். மருமக்கள்தாய முறைப்படி உரிமை அரசரின் மருமகனாகிய இளவரசருக்கே உரியது.

இவ்விடத்தில் தமிழ் வாசகர் இடறுவதற்கு இடமுண்டு. தந்தையின் முடி மகனுக்குச் செல்வதே இயல்பு எனக் கருதும் மரபில் வந்தவருக்குத் தம்பியின் கோரிக்கை நேர்மையானதாகத் தோன்றலாம். அவ்வாறு தோன்றுமாயின் தலைவனின் தியாகம் பொருளற்றதாகிவிடும். மேலும் 'தம்பி' என்பதைத் தமிழர் உடன்பிறந்த இளையவன் என்றே கொள்வர். திருவிதாங்கூரில் அது அரசரின் ஆண்மக்களுக்கு வழங்கிய பட்டம். பெண்மக்களுக்குத் 'தங்கச்சி' என்பது பட்டம். அரசரின் மகன் என்பதை உணர்த்தும் அதே சொல்தான் அவன் அரசனாக முடியாது என்பதையும் உணர்த்துகிறது. உருவம் ஒன்றாயிருந்து பொருள் வேறுபடும் இத்தகைய சொற்கள், முற்றிலும் அயலான சொற்களைவிட மொழிபெயர்ப்பாளரை எளிதில் ஏமாற்றுகின்றன.

ஆயினும் மருமக்கள்தாயம் தமிழுக்கு முற்றிலும் புதியதன்று. நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே நிலவிய மருமக்கள்வழி முறையைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 'மருமக்கள்வழி மான்மியம்' என்னும் அங்கத நூலில் எள்ளி நகையாடியுள்ளார். கவிமணிக்கு இடர்ப்பாடாகத் தெரிந்த முறையே சி. வி.க்கு அரசின் அறமாகத் தெரிகிறது. இருவரும் அண்டை நிலத்தவர் என்பதும், ஏறத்தாழ ஒரே காலத்தவர் என்பதும் எண்ணத்தக்கன. 1956 நவம்பர் 1 அன்று கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீசுவரம் ஆகிய வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தபின், கதை நிகழும் பத்மநாபபுரமும் அதன் சுற்றுப்புறமும் தமிழ்நாட்டு நிலமாயின.

4. அனந்தபத்மநாபன் விட்டவையும் விடாதவையும்

திருமுகத்துப் பிள்ளையின் மகனாகிய அனந்தபத்மநாபன் பஞ்சவன்காட்டில் வெட்டுண்டு இறந்தானென்றே ஊர் நம்புகிறது. பட்டாணிய வணிகர் கூட்டம் ஒன்று அவனைக் காப்பாற்றுகிறது. அவர்களிடையே அவன் சம்சுதீன், தென்திருவிதாங்கூர்க் காடுகளில் 'பிராந்தன் சான்னான்', வேறிடத்தில் காசிவாசி. இளவரசரின் உயிருக்கு ஊறு நேரும் இடங்களில் இந்தப் பித்தன் வேடமே அவருக்குக் காவலாக அமைகிறது.

முதல் வினாவுக்கு விடை தெளிவானது. அவன் விட்டவை பெயர், குடிப்பிறப்பின் மதிப்பு, தந்தையின் அண்மை, காதலி பாறுக்குட்டியின் அண்மை ஆகியன. விடாதவையும் தெளிவானவை. இளவரசரிடம் கொண்ட பற்றை விடவில்லை. உயிர்காத்த குடும்பத்துப் பெண்ணாகிய சுலைகாவின் அன்பை ஏற்று வேறொரு நல்வாழ்வில் புகும் வாய்ப்பு இருந்தும் பாறுக்குட்டியை மறக்கவில்லை.

இரண்டாம் வினாவில்தான் சிக்கல் எழுகிறது. அவன் துறந்ததை அறிந்தவர் மிகச் சிலரே. அறியாதவருள் பாறுக்குட்டியும் ஒருத்தி. இறந்தவனுக்காக அவள் நோயுறுகிறாள். பத்மநாபன் தம்பியை ஏற்குமாறு வீட்டாரின் வற்புறுத்தலுக்கும் ஆளாகிறாள். 'நான் உயிரோடிருக்கிறேன்' என்னும் ஒரு சொல் அவளைத் தேற்றியிருக்கும். அச்சொல்லை அவன் சொல்லவில்லை. இளவரசருக்காக அவன் செலுத்திய விலையில் பெரும்பகுதி பாறுக்குட்டியின் கண்ணீரிலிருந்தே எடுக்கப்பட்டது. பிறர் பொருளை எடுத்துச் செய்த கொடையை முழுக்கொடை எனல் இயலாது. அவன் உள்ளத்தில் அரசுரிமை முதலாவதாகவும் காதல் அதற்கு அடுத்ததாகவும் நிற்கின்றன என்பதை ஆசிரியர் எங்கும் அறவுரையாக எழுதவில்லை. எனினும் சொல்லப்படாத அந்த ஒரு சொல் அதனை ஐயமறக் காட்டுகிறது.

மூன்றாம் வினாவுக்கு விடை: எல்லாம் திரும்பி வருகின்றன. பெயர், தந்தை, காதலி, மதிப்பு ஆகிய அனைத்தும் இறுதியில் அவனை அடைகின்றன. இவ்வமைப்பு திருவிதாங்கூர் வரலாற்றிலும் ஒரு நிழலை உடையது. 1750 சனவரியில் மார்த்தாண்டவர்மர் தம் அரசைப் பத்மநாபசுவாமிக்குத் திருப்படித்தானமாக அளித்தார். பின்னர்ப் பத்மநாபதாசராக ஆட்சியைத் தொடர்ந்தார். உடைமை கைவிடப்பட்டது, ஆட்சி கைவிடப்படவில்லை. அச்செயலுக்கு மரபு இட்ட பெயர் தானம் என்பதேயாகும், தியாகம் என்பதன்று. புதினம் அந்நிகழ்ச்சி வரை செல்வதில்லை. ஆயினும் கொடுத்ததும் காத்ததும் ஒரே செயலில் அடங்கும் பாங்கு இரண்டிடத்தும் ஒத்திருக்கிறது.

5. திரும்பி வராத கொடை: சுபத்திரை

மீளாத் தியாகம் புதினத்தில் ஒன்றே உண்டு. அது சுபத்திரையுடையது. பொய்யான ஐயத்தால் கணவனால் கைவிடப்பட்டவள் அவள். பிள்ளைமாருள் ஒருவராகிய குடமண் பிள்ளையின் மருமகளாதலின் சூழ்ச்சிகள் அவள் செவிக்கு எட்டுகின்றன. அவற்றைக் கொண்டு இளவரசரையும் அவரைச் சார்ந்தோரையும் காக்கிறாள். பாறுக்குட்டியின் நோய்க்கு மருந்து கிடைக்கவும் அவளே வழிசெய்கிறாள். இறுதியில் அம்மாமன் வாளால் மடிகிறாள்.

இவளிடம் வேடமில்லை. வேடமின்மையே இவள் தியாகத்தைத் தலைவனின் தியாகத்திலிருந்து வேறுபடுத்துகிறது. அனந்தபத்மநாபன் தன் குடிப்பெயரை மறைத்துக்கொண்டு பகைவர் நடுவே உலவுகிறான். சுபத்திரையோ தன் பெயரோடும் தன் வீட்டோடும் நின்று, தன் குலத்தவரின் திட்டத்தையே முறிக்கிறாள். அவள் குற்றமற்றவள் என்னும் உண்மை உரியவருக்குத் தெரியவரும் வேளையும் அவள் உயிர் பிரியும் வேளையும் அடுத்தடுத்து அமைகின்றன. நற்பெயர் வந்தது, அதைப் பெற அவள் இல்லை. நூற்பெயர் மார்த்தாண்டவர்மர்க்கும், தலைவன் என்னும் இடம் அனந்தபத்மநாபனுக்கும் உரியனவாக, வாசகர் நெஞ்சில் நிற்பவள் சுபத்திரையாக அமைந்தது இதனாலேயே எனலாம்.

6. வினைமுற்றின் இக்கட்டு

இனி மொழியியற் சிக்கலுக்கு வருவோம். மலையாள வினைமுற்று திணை, பால், எண், இடம் காட்டும் விகுதிகளை இழந்துவிட்டது. ஏ. ஆர். இராசராசவர்மா தம் 'கேரளபாணினீய'த்தில் (1896) மலையாளத்தைத் தமிழிலிருந்து பிரித்தறிய உதவும் ஆறு நியதிகளுள் ஒன்றாக இதனைப் 'புருஷபேத நிராசம்' என்று வகுத்தார். 'வந்நு' என்னும் ஒரே வடிவம் வந்தேன், வந்தான், வந்தாள், வந்தார், வந்தது ஆகிய அனைத்துக்கும் போதும். மதிப்பு வேறுபாடு பெயரிலும் மாற்றுப்பெயரிலும் உண்டு. ஆனால் வினையில் இல்லை. எனவே மலையாள ஆசிரியர் மாற்றுப்பெயரைத் தவிர்த்துவிட்டாலே ஒருவரின் தகுதியைச் சொல்லாமல் கதையை நடத்திச் செல்ல இயலும்.

தமிழில் அது இயலாது. ஒருவரைப் பன்மையாற் கூறுதல் வழக்கால் வந்த உயர்வே என்றும், இலக்கண நெறியன்று என்றும் தொல்காப்பியர் கருதினார். அவ்வழக்கே இன்று இலக்கணமாகிவிட்டது. 'பிராந்தன் சான்னான் வந்நு' என்னும் சிறு தொடரைத் தமிழாக்க முயன்றால் 'வந்தான்' என்பதா, 'வந்தார்' என்பதா என்று உடனே முடிவுசெய்ய வேண்டியுள்ளது. 'வந்தான்' எனின், ஒடுக்கப்பட்ட சமூகத்தவரை ஒருமையில் சுட்டிய பழைய வழக்கைக் கதைகூறுவோரும் ஏற்றவராகின்றனர். 'வந்தார்' எனின் வேடம் கலைந்துவிடுகிறது. இவன் வேறு யாரோ என்று வாசகர் உடனே ஊகிப்பர். 1936-இல் இதனை ஆங்கிலத்தில் தந்த பி. கே. மேனனுக்கு இவ்விடர் எழுந்திராது. ஆங்கில வினைமுற்றும் மதிப்பு காட்டுவதில்லை. அண்டை மொழியாகிய தமிழில்தான் இது கூர்மையாக எழுகிறது.

இதனை வெறும் நடைச்சிக்கல் என ஒதுக்கலாகாது. அனந்தபத்மநாபன் துறந்ததே அந்த மதிப்பைத்தான். மலையாள வினை அதைப் பற்றி வாய்திறப்பதில்லை. தமிழ் வினை ஒவ்வொரு வாக்கியத்தின் இறுதியிலும் அதைச் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

7. வேடமா, ஆளா?

'சான்னான்' என்பது இன்று நாடார் எனப்படும் சமூகத்தவரைக் குறிக்க அன்றைய திருவிதாங்கூரில் வழங்கிய சொல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சமூகப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் போராட நேர்ந்தது. 1859-இல் வெளிவந்த அரசாணை அவ்வுரிமையை ஒரு வரம்புக்குள் வழங்கியது. அப்போதும் உயர்சாதிப் பெண்டிரைப் போல் அணியலாகாது என்றே கூறியது. புதினம் வெளிவந்தது அதற்கு 32 ஆண்டுகள் கழித்து. அதே 1891-இல்தான் அரசுப் பணிகளில் மலையாளிகளுக்கு உரிய இடம் கோரிய 'மலையாளி மெமோரியல்' அரசரிடம் அளிக்கப்பட்டது.

இச்சூழலில் பிறந்த வாசகருக்கு, உயர்குடி இளைஞன் ஒருவன் சான்னானாக வாழ்வதைவிடப் பெரிய இழப்பு தோன்றியிராது. எதை இழப்பது பெருந்தியாகம் என்று ஒரு கதை கருதுகிறதோ, அதுவே அக்கதை உச்சியில் வைத்த விழுமியமாகும். குடிமதிப்பை இழத்தலே பெருந்தியாகமெனின், குடிமதிப்பே பெரும்பேறு என்பதும் உடன் பெறப்படுகிறது. ஒருவனுக்கு இரண்டாண்டுத் தவமாக அமைந்த நிலை, அந்நிலையிற் பிறந்தவருக்கு வாழ்நாள் முழுவதும் நீங்காதது. அதைத் தியாகம் என்று கதை எண்ணவில்லை.

கன்னியாகுமரி மாவட்ட வழக்காறு இதற்கு வேறொரு விடை தருகிறது. இளவரசருக்குத் துணைநின்றவர் களரி ஆசானாகிய அனந்தபத்மநாபன் நாடார் என்பதே அவ்வழக்காறு. புதினத்தில் வேடமாக உள்ளது வழக்காற்றில் ஆளாக உள்ளது. இவ்விரண்டனுள் எது வரலாறு என்று தீர்ப்பது இக்கட்டுரையின் பணியன்று. ஆனால் மொழிபெயர்ப்பாளர் கைக்கொள்ளும் ஈற்றெழுத்து இவ்விவாதத்தில் அவரறியாமலே ஒரு பக்கம் சேர்கிறது என்பதைச் சுட்டியாக வேண்டும். வேடம் கலையும்வரை 'வந்தான்' என்றும், கலைந்த அடுத்த வரியில் 'வந்தார்' என்றும் எழுதினால், மூலத்தில் வினை சொல்லாத சாதி ஏற்றத்தைத் தமிழ் வினை சொல்லிவிடுகிறது.

8. ஒப்புநோக்கு: மற்றோர் அனந்தன்

இதே நகரத்தில் 79 ஆண்டுகள் கழித்து மற்றோர் அனந்தன் இலக்கியத்தில் தோன்றினார். நீல. பத்மநாபனின் 'பள்ளிகொண்டபுரம்' (1970) திருவனந்தபுரத்து மலையாளிகளின் வாழ்வை மொழிபெயர்ப்பின் துணையின்றித் தமிழிலேயே எழுதிய புதினம். அதன் மையப் பாத்திரமாகிய அனந்தன் நாயரின் பெயரும் இவ்வூர்த் தெய்வத்தின் பெயரே. மனைவி கார்த்தியாயினி, உயர்பதவியிலுள்ள விக்கிரமன் தம்பியோடு சென்றுவிட, மகனையும் மகளையும் தனியே வளர்த்த எளிய மனிதர் அவர். ஐம்பதாவது பிறந்தநாளில் நகரத் தெருக்களினூடே நினைவுகளோடு நடக்கிறார்.

முன்சொன்ன வினாக்களை இவரிடம் எழுப்பினால் விடைகள் தலைகீழாகின்றன. இவர் விட்டவை இளமை, உடல்நலம், தமக்கென ஒரு வாழ்வு. விடாதது மானம், அதனோடு ஒட்டிய ஆறாத புண். எல்லாரும் அறியவே துறந்தார். எவரும் அதைத் தியாகம் என்று போற்றவில்லை. பிள்ளைகள் அவர் எண்ணிய வழியில் நில்லாதபோது, தாம் செய்தது கொடையா, கடனாகக் கொடுத்ததா என்னும் வினா அவர்முன் நிற்கிறது. திரும்பப் பெறும் எண்ணத்தோடு கொடுத்தது திரும்பி வரவில்லை. சுபத்திரையோ திரும்பப் பெறும் எண்ணமே இல்லாதவள். முதல் அனந்தனின் கதையில் அடையாளம் வெளிப்படும் காட்சி எல்லாவற்றையும் நேர்செய்கிறது. இரண்டாம் அனந்தனுக்கு மறைக்க வேடமும் இல்லை, வெளிப்படும் காட்சியும் இல்லை. வேந்தருக்காக ஆற்றிய தியாகம் வீட்டுக்காக ஆற்றிய தியாகமாக மாறியபோது, அதற்குக் கிடைத்த கைம்மாறும் மறைந்துவிட்டது.

9. மொழிபெயர்ப்பாளர்க்குச் சில குறிப்புகள்

மேற்கண்டவற்றிலிருந்து நடைமுறைக்குரிய மூன்று கருத்துகளைத் தொகுத்துக் கூறலாம்.

முதலாவதாக, மூலத்தில் 'த்யாகம்' என்றிருக்கும் இடங்களிலெல்லாம் 'தியாகம்' என்றே பெயர்த்தல் பொருந்தாது. அனந்தபத்மநாபனுக்கு மறைத்தலும் துறத்தலும், சுபத்திரைக்குக் கொடுத்தல், பாறுக்குட்டிக்கு இழத்தல் என வினைகளை இடமறிந்து ஆளுதல் வேண்டும்.

இரண்டாவதாக, வேடம் நிலவும் பகுதிகளில் வினைமுற்றைத் தவிர்க்கத் தமிழிலேயே வழிகள் உள்ளன. எச்சங்களும் தொழிற்பெயர்களும் மதிப்பு காட்டுவதில்லை. 'சான்னான் வந்ததும் நாய்கள் அடங்கின', 'சான்னானின் குரல் கேட்டது' என எழுவாயை மாற்றியமைத்தால் தகுதியைச் சொல்லாமலே நிகழ்ச்சியைச் சொல்லலாம். எனினும் பக்கந்தோறும் இவ்வாறு எழுதினால் நடை தளரும். இன்றியமையா இடங்களுக்கே இதனைக் கொள்க.

மூன்றாவதாக, முற்று தவிர்க்க இயலாதவிடத்து ஒரே ஈற்றைத் தொடக்கம் முதல் இறுதிவரை கைக்கொள்ளுதல் நேர்மையானது. கல்கி வந்தியத்தேவனை 'அவன்' என்றே எழுதினார்; அதனால் அவன் வீரம் குறைந்துவிடவில்லை. அனந்தபத்மநாபனையும் வேடத்திலும் வேடமின்றியும் 'அவன்' என்றே எழுதலாம். அவ்வாறு எழுதும்போது சான்னானும் பிரபு மகனும் இலக்கணத்தில் ஒரே தளத்தில் நிற்பர். மலையாள வினைமுற்று தன் இயல்பாலேயே அவர்களுக்கு வழங்கியிருந்த சமன்மையும் அதுவே.

10. முடிவுரை

தலைவனின் தியாகம் அவன் விழுமியத்தைக் காட்டுகிறது என்னும் கூற்று பாதி உண்மையே. எதைத் தியாகம் என்று எண்ணிப் போற்றுவது, எதை எண்ணாமல் விடுவது என்பதில் ஆசிரியரின் விழுமியமும் அவர் காலத்தின் விழுமியமும் வெளிப்படுகின்றன. பெயரைத் துறந்தவனுக்குப் பெயர் திரும்பக் கிடைத்தது. உயிரைத் தந்தவளுக்கு நற்பெயர் காலங்கடந்து வந்தது. வேடத்திற்கு உருவம் தந்த மக்களைக் கதை எண்ணவே இல்லை. இம்மூன்றையும் மலையாள மூலம் ஓரளவு திரையிட்டே வைத்திருக்கிறது. தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு அத்திரை இல்லை. எந்த ஈற்றை எழுதினாலும் அது ஒரு மதிப்பீடாகிறது என்னும் உணர்வோடு எழுதுதலே இப்புதினத்தைத் தமிழாக்குவோர் மேற்கொள்ள வேண்டிய முதற்பணியாகும்.